ஒரிஜினல் ரப்பர்

வியாழன், இரவு

என்னை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

ஜீப்புக்குப் புது பிரேக் ரப்பர் போடலாம் என்று மெக்கானிக் பழனி போன வாரமே சொன்னான். இப்போது கடையில் கிடைப்பதெல்லாம் டூப்ளிகேட், அது வேண்டாம் என்றேன் நான்தான். உதிரிக்காகவே கொட்டகையில் போட்டு வைத்திருக்கும் இன்னொரு ஜீப்பிலிருந்து பழைய ரப்பரைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரிஜினல் என்று பெருமை வேறு.

"ஓடாமக் கெடந்ததுங்க, வெடிப்பு உட்டிருக்குது" என்றான். கேட்டேனா?

இன்று மனைவி கமலாவைக் கூட்டிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போய்விட்டது. கியரைக் குறைத்து, மலைப்பக்க மண்மேட்டில் இடித்துத்தான் நிறுத்த முடிந்தது. மறுபக்கம் பள்ளம்.

இறங்கி ஓடினேன். வண்டியின் முன்பக்கத்துக்கு. ஹெட்லைட் கண்ணாடியைத் தடவிப் பார்த்தேன். அந்தக் கண்ணாடி இப்போது எங்கும் கிடைப்பதில்லை. அப்புறம்தான் மனைவியின் ஞாபகம் வந்தது. சீட்டிலேயே உட்கார்ந்து நெற்றியில் முந்தானையை அழுத்திக்கொண்டிருந்தாள். முந்தானை முழுக்க ரத்தம்.

"ஏனுங்க, லைட்டுக்கு ஒண்ணும் ஆவலீங்களே?" என்றாள்.

மேலே போன பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்று தையல். நான் ஜீப்புக்குக் காவல் நின்றேன்.

சாயங்காலம் பழனி வந்து புது ரப்பரைப் போட்டுவிட்டு, பழையதை என் கையில் கொடுத்தான். வீடு வந்ததும் அதைத் தூக்கி எறியத்தான் நினைத்தேன். துடைத்து, டப்பாவில் போட்டு மூடி, கொட்டகையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

த்தூ.