ஏரிக்கரை அரசங்கன்றில் கட்டிய மஞ்சள் துணி

அன்பு மகள் ரூபாவுக்கு அம்மா எழுதுவது. உன்னையும் மாப்பிள்ளையையும் வயிற்றில் இருக்கும் சின்ன உயிரையும் மலைமேல் சந்திரசூடேஸ்வரர் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி தவிர வேறொன்றும் இல்லை, எனக்குத்தான் தூக்கம் சரியில்லை. ஃபோனில் சொல்லலாம் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீ சிரித்துவிடுகிறாய், அப்புறம் எனக்கு வார்த்தை வருவதில்லை. எதிர்வீட்டு நவீன்குமார் ஜெர்மனிக்குக் கிளம்புகிறான், அதனால் கேழ்வரகு மாவோடு இதையும் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். மாவைச் சலித்துத்தான் கட்டியிருக்கிறேன். ஏழாம் மாதத்தில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்யாதே, மாடிப்படியில் கைப்பிடியை விடாதே.

போன ஐப்பசியில் நம் காலனிப் பசுமைக் குழு ஏரிக்கரையில் கன்று நட்டது உனக்குத் தெரியும், போட்டோகூட அனுப்பினேன். கம்பெனிக்காரர்கள் தொப்பி கொடுத்தார்கள், மைக் வைத்தார்கள், எல்லாருக்கும் இட்லி பொட்டலம். நட்டவர்கள் போய்விட்டார்கள், அப்புறம் தண்ணீர் ஊற்றியது நாங்கள் நாலைந்து பெண்கள்தான். மாடு வந்து ஒவ்வொன்றாய் ஒடித்துப் போட்டது. கரையோரம் நின்ற அரசங்கன்றையாவது காப்பாற்றலாம் என்று மஞ்சள் துணியைக் கட்டிக் குங்குமம் வைத்தேன், சாமி என்றால் மாடு ஓட்டுகிறவன் கொஞ்சம் பயப்படுவான் இல்லையா. கட்டுகிற கை சும்மா இருக்குமா, உனக்கு ஒரு குழந்தை தங்க வேண்டும் என்று வேண்டி அதே துணியில் ஒரு ரூபாயையும் முடிந்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் கோபித்துக்கொள்வாய். சித்திரையில் உன் நல்ல செய்தி வந்ததும் சந்தோஷத்தில் பக்கத்துவீட்டு வெங்கடம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். ஒரு மாதத்தில் கன்று முழுக்கத் துணி, சின்னச் சின்னத் தொட்டில், அடியில் மஞ்சள் பூசின ஒரு கல். கல் யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. வெள்ளிக்கிழமை ஆனால் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வருகிற பெண்களும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள்.

இப்போது வந்த சிக்கலைக் கேள். நாங்கள் கன்று நட்ட இடம் வெறும் தரை இல்லையாம், ஏரிக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலாம். மண் மூடிப் புல் முளைத்து மேடாகிக் கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. போன மாதம் ஒரு மழைக்கே தண்ணீர் ஏரிக்குப் போக வழியில்லாமல் திரும்பி, பள்ளத்தில் இருக்கிற லைன் வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற மாரம்மா வீட்டிலும் முழங்கால் தண்ணீர், அவள் மருமகள் பச்சை உடம்புக்காரி, குழந்தையோடு கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். பெரிய மழைக்கு முன்பு வாய்க்காலைத் தோண்டியே ஆக வேண்டும் என்று குழுவை நடத்துகிற மாதவன் தம்பி ஜேசிபி பேசிவிட்டார். வண்டி வந்தது, கன்றைப் பார்த்ததும் டிரைவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான். கல்லை ஓரமாய் வைத்துக்கொள்ளலாமே என்று மாதவன் சொன்னதற்கு வெங்கடம்மா, “ஓரமா நவுத்தறதுக்கு அதென்ன உங்க ஊட்டு கேஸ் சிலிண்டரா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், வண்டி திரும்பிப் போனது. கடைசியில், முதல் துணி யார் கட்டினதோ அவங்களே அவிழ்த்தால்தான் மற்றவர்களும் அவிழ்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். முதல் துணி என்னுடையது.

ரூபா, குழந்தைக்காக முடிந்த காசைக் குழந்தை பிறந்து, குளிப்பாட்டி, பொங்கல் வைத்த பிறகுதான் அவிழ்ப்பார்கள். நடுவில் அவிழ்த்து நான் பார்த்ததில்லை. உன் அப்பா, “செடிக்குக் கட்டுன துணிதானே, போயி அவுரு” என்கிறார். அவருக்கு என்ன, துணியில் காசை முடிந்து வைத்தது அவர் இல்லையே. ஒரு வாரம் ஏரிக்கரைப் பக்கமே நான் போகவில்லை. மாதவன் எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். அப்போதுதான் மாரம்மா பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே, “நீ அவுக்காதக்கா. உம்பொண்ணு நல்லபடியா பெத்து எழட்டும். மழ வந்தா நாங்க ஸ்கூலு வராண்டால போயி படுத்துக்கறோம், நமக்கென்ன புதுசா” என்றாள். அவள் அவிழ்க்கச் சொல்லியிருந்தால் நான் சாக்கு சொல்லியிருப்பேன். இதற்கு என்ன சொல்வது.

ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுப் போய் அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப்போய் வரவே இல்லை, பல்லால் இழுத்துத்தான் எடுத்தேன். அப்புறம் ஒவ்வொருத்தியாய் வந்து தன் தன் துணியை எடுத்துக்கொண்டாள். வெங்கடம்மா கல்லைத் தானே தூக்கி முந்தானையில் ஏந்திக்கொண்டு நடந்தாள், என்னிடம் இன்னும் பேசவில்லை. கன்றை வேரோடு மண்ணோடு எடுத்துக் கரையின் மேட்டில் நட்டிருக்கிறோம். இலை தொங்கித்தான் கிடக்கிறது, காலையும் மாலையும் ஒரு குடம் ஊற்றுகிறேன். திங்கட்கிழமையே ஜேசிபி திரும்ப வந்து வாய்க்காலைத் தோண்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை நல்ல மழை. தண்ணீர் வாய்க்காலில் இறங்கி ஏரிக்குப் போனதை மாரம்மா படியில் நின்று பார்த்தாளாம், வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லையாம். எனக்கு அது நிம்மதிதான். ஆனால் அன்றிலிருந்து ஃபோன் அடித்தாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். நீ ஒருநாள் எடுக்காவிட்டால் அப்பாவைத் தூங்கவிடுவதில்லை.

தப்பு செய்தேனா என்று உன்னைக் கேட்கவில்லை, மறுபடி அந்த இடத்தில் நின்றாலும் அவிழ்க்கத்தான் செய்வேன், பயந்துகொண்டேதான் செய்வேன். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். நீ தீர்க்க சுமங்கலியாய், சுகமாய்ப் பெற்றுப் பிழைத்து எழ வேண்டும். இரும்பு மாத்திரையை மறக்காதே. இதைப் படித்த பிறகு கூப்பிடும்போது நலமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் ஆரம்பிக்காதே. குழந்தை அசைகிறதா, அதை முதலில் சொல். எனக்காக நல்லதாய்ச் சொல்லாமல், உள்ளதைச் சொல்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
மாதேஸ்வரி
ஓசூர்