மதிலுக்கு மேலால் வந்த புதினம்

ராத்தா,

இன்று காலைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், சின்னதாகக் கட்டம் கட்டி ஒரு செய்தி போட்டிருந்தார்கள். வண்ணத்துப்பூச்சி ருசி பார்ப்பது காலால்தானாம். நேற்றுத்தான் கண்டுபிடித்ததுபோல ஓர் ஆச்சரியக்குறியும் போட்டிருந்தார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். வெள்ளவத்தையில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மதிலைத் தாண்டி இந்தச் செய்தி என்னிடம் வந்து எத்தனை வருடமாகிவிட்டது! 'இருக்கும்' என்பதை 'ஈக்கும்' ஆக்கி அதை நீங்கள் சொன்ன விதம் அச்சில் வராது. "எங்களுக்கும் அப்பிடி ஈந்தா எப்பிடி ஈக்கும் தங்கச்சி? வட்டிலப்பத்துக்கு மேல ஏறி நடந்துதான் பாக்கணும்!"

சிரித்து முடிந்ததும் இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பிறகுதான், சொல்ல இனி ஆள் இல்லை என்பது உறைத்தது. கொட்டாஞ்சேனையில் உங்கள் மகள் வீட்டிலிருந்து நீங்கள் மௌத்தான செய்தி வந்து இரண்டு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் பழகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்கு அரபு எழுத்தில்தான் தமிழ் எழுதவும் வாசிக்கவும் வரும். எனக்கு அது வராது. இருந்த காலத்தில் ஒருவர் எழுத்தை ஒருவர் வாசிக்காமலே காலத்தைக் கழித்தோம், இனி என்ன குறை?

அது யுத்த காலம். வெள்ளைக்காரனுடைய ஆட்சி. என் கணவர் கோட்டையில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். எனக்கு அதற்கு முன் இரண்டு தடவை கரு நிற்காமல் போயிருந்தது. மூன்றாவது தங்கியபோது டொக்டர் கையை உயர்த்திக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: எட்டு மாதம் நிறையும்வரை கட்டிலை விட்டு இறங்கக்கூடாது. துணைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து இவருடைய தமக்கை, என் மச்சாள், வந்து நின்றார். சமையலும் கட்டளையும் அவருடையது. படுக்கை மட்டும்தான் என்னுடையது.

படுத்திருப்பது சுகம் என்று சொல்பவர்களை ஒரு மாதம் கட்டிப்போட்டுப் பார்க்க வேண்டும். பின்ஜன்னலோரம் கட்டில். ஜன்னலுக்கு வெளியே நாலைந்து முழச் சந்து, அதற்கப்பால் உங்கள் மதில். கடலோர ரயில் போகும் சத்தம் கேட்கும், ரயில் தெரியாது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, இதுவும் போய்விடுமோ, இதுவும் போய்விடுமோ என்று கிடப்பேன். அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் பயம்.

ஒருநாள், ஆண்கள் எல்லோரும் வேலைக்குப் போய், பக்கத்து நெசவு மில்லின் சங்கும் ஊதி அடங்கிய பிறகு, முக்காடு போட்ட ஒரு தலை மதிலுக்கு மேலே தெரிந்தது. "நீங்கதானே படுத்தே ஈக்கிற தங்கச்சி?" என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். "சும்மா படுத்தீந்தா மனசு கெட்டுப்போகும். இந்தாங்க." ஒரு கொக்கத்தடி நீண்டு வந்தது. முருங்கைக்காய் பறிக்கிற அந்தத் தடியின் நுனியில் ஒரு பிஸ்கட் டின்னைக் கட்டியிருந்தீர்கள். ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு எடுத்தேன். உள்ளே சிகரெட் வெள்ளித்தாளில் மடித்த ஒரு தவளை. பின்பக்கத்தை விரலால் அழுத்தினால் பாய்ந்தது. என் போர்வை மேல் அது பாய்ந்து விழுந்ததைப் பார்த்து நான் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தேன். மச்சாள் குசினியிலிருந்து ஓடி வந்து, என்னவோ ஏதோ என்று பார்த்துவிட்டுப் போனார்.

அன்று தொடங்கியது. உங்கள் கணவருக்குப் புறக்கோட்டையில் கடை. கப்பல்களிலிருந்து வரும் பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளைச் சாமான் சுற்றுவதற்கு வாங்குவார், சுற்றுவதற்கு முன் ஒரு பக்கம் விடாமல் வாசிப்பார், சோறு தின்னும்போது உங்களிடம் சொல்வார். அதில் நல்ல புதினமாக ஒன்றைப் பொறுக்கி மறுநாள் காலை எனக்குக் கொண்டு வருவீர்கள். அவர் ஒன்றும் சொல்லாத நாளில் உங்கள் முற்றத்தில் ஏதாவது பூவைத் தேடுவீர்கள், இல்லாவிட்டால் எதையாவது மடித்து, கிழித்து, ஒட்டிச் செய்வீர்கள். ஒரு நாளைக்கு ஒன்றுதான். நாளைக்குரியதையும் இன்றைக்கே சொல்லுங்கள் என்று கெஞ்சினால், "நாளைக்கும் எழும்பாமப் படுத்தீந்தா நாளைக்கு" என்று தலையை உள்ளே இழுத்துக்கொள்வீர்கள். டொக்டரின் கட்டளையைவிட அதுதான் என்னைக் கட்டிலில் வைத்திருந்தது.

சங்குப்பூவை வெந்நீரில் போட்டு நீலமாக்கி ஒரு போத்தலில் அனுப்பினீர்கள், கூடவே அரைத் தேசிக்காய். "புளியக் கொஞ்சம் விடுங்க, அவசரப்படாதீங்க" என்றீர்கள். விட்டேன். நீலம் ஊதாவாகி, ஊதா ரோசாவாகிப் போனது. மச்சாள் போத்தலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, மூன்று நாளைக்கு உங்கள் பக்கமிருந்து வந்த எதையும் முகராமல் உள்ளே விடவில்லை.

சப்பாத்துப்பூ, அதுதான் செம்பரத்தை, வந்த நாளை மறக்க முடியுமா? அதன் இதழைத் தேய்த்தால் சப்பாத்து மினுங்கும், அதனால்தான் அந்தப் பெயர் என்றீர்கள். பொலிஷ் கிடைக்காத காலம். படுத்தபடியே இவருடைய சப்பாத்து இரண்டையும் வாங்கித் தேய்த்தேன். மறுநாள் கந்தோரில் துரை இவருடைய காலைப் பார்த்துவிட்டு எந்தக் கடையில் பொலிஷ் வாங்கினாய் என்று கேட்டாராம். எங்கள் வீட்டுக்காரி பூவால் துடைத்தாள் என்று சொல்ல வெட்கப்பட்டு, ஊரிலிருந்து வந்தது என்று புளுகியிருக்கிறார் மனுஷன்.

ஒருமுறை நாகலிங்கப்பூ ஒன்றை டின்னில் வைத்து அனுப்பினீர்கள். "இதுக்குள்ள உங்கட சாமி ஈக்கிறாராம், கடையில ஒருத்தர் சென்னார். நான் நல்லாப் பாத்தன், எனக்கு விளங்கல்ல. நீங்க பாத்துச் செல்லுங்க." நான் குடையையும் லிங்கத்தையும் காட்டிச் சொன்னதும், "ஓ, சரிதான், குடையும் பிடிச்சீக்கிறாங்க" என்று மரியாதையாகத் தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டலுக்காகவே மச்சாள் உங்களை மன்னித்துவிட்டார்.

இதையெல்லாம்விடப் பெரிய உதவி ஒன்றை நீங்கள் அறியாமலே செய்தீர்கள். இரண்டு பிள்ளைகளை இழந்த பிறகு எனக்கும் இவருக்கும் பேச்சு வற்றிப்போயிருந்தது. எதைத் தொட்டாலும் அங்கேதான் போய் நிற்கும் என்று இருவருமே வாயைத் திறப்பதில்லை. நீங்கள் வந்த பிறகு, மாலையில் படலையைத் திறக்கும்போதே இவர் கேட்பார்: "இண்டைக்கு என்ன புதினம் வந்தது?" நான் சொல்வேன். அப்படி இருக்காது என்று இவர் வாதாடுவார். நான் உங்கள் பக்கம் நின்று வாதாடுவேன். எங்கள் வீட்டில் மறுபடியும் குரல் கேட்டது, ராத்தா.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜப்பான் விமானங்கள் துறைமுகப் பக்கமும் இரத்மலானைப் பக்கமும் குண்டு போட்டன. நடுவில் நாங்கள். மறுநாளிலிருந்து கொழும்பு காலியாகத் தொடங்கியது. யாழ்ப்பாண ரயிலில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். என்னை ரயிலில் ஏற்றவே கூடாது என்றார் டொக்டர். நீங்கள் குடும்பத்தோடு அக்குறணைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டீர்கள். லொறி விடியற்காலையில் வந்தது, மதிலடிக்கு வர உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. உங்கள் கணவர் எங்கள் படலைக்கு வந்து இவரிடம் ஒன்றைக் கொடுத்தார்: தடித்த பச்சை இலை ஒன்று, ஓரமெல்லாம் சின்னச் சின்ன வெட்டு, காம்பில் ஒரு வெள்ளை நூல்.

"இத தங்கச்சிட ஜன்னல்ல கட்டித் தொங்கவிடச் சென்னாங்க. தண்ணி காட்ட வாணாம், மண்ணில வைக்க வாணாம். தங்கச்சி ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டே ஈக்கணுமாம்." லொறிக்காரன் ஹோர்ன் அடித்ததால் அவர் ஓடிவிட்டார்.

நூல், இலை, கட்டளை. எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ராத்தா ஓதிக் கட்டின நூல் அனுப்பியிருக்கிறா! "எங்கட ஊரிலயும் பிள்ளையள் பயந்தாப் பள்ளிவாசல் லெப்பையிட்ட நூல் கட்டுறதுதான். சுகம் வரும்" என்றார் மச்சாள். இங்கிலீஷ் படித்த என் கணவர் கிழக்கு ஜன்னலா மேற்கு ஜன்னலா என்று தமக்கையிடம் பவ்வியமாகக் கேட்டுக் கட்டினார். நானாவது யோசித்திருக்கலாம். ஆனால் புதினம் என்றால் நீங்கள் நேரே வந்து சொல்வீர்கள், சொல்வதற்கு முன்பே சிரித்துவிடுவீர்கள். இது சொல்ல ஆளில்லாமல் வந்தது. அன்று முதல் மச்சாள் விளக்கு வைத்ததும் இலைக்குச் சாம்பிராணி காட்டினார். நான் பகல் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இலை வாடத் தொடங்கியது. முதலில் பளபளப்புப் போனது, பிறகு நடுவில் மஞ்சள் விழுந்தது, பிறகு தோல் சுருங்கியது. தண்ணீர் தெளிக்க வந்த மச்சாளைக் கத்தித் தடுத்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நூல் பிடிக்கவில்லை, பிள்ளை நிற்காது, அதைத்தான் இலை சொல்கிறது என்று மனம் முடிவு கட்டிவிட்டது. வயிற்றில் அசைவு குறைந்ததுபோலவும் பட்டது. இவர் வேலையால் வந்து, புதினம் கேட்காமல், ஜன்னல் பக்கம் பார்க்காமல், குனிந்து சப்பாத்தைக் கழற்றுவார். எங்கள் வீடு பழையபடி ஊமையாகிவிட்டது. உங்களை நினைத்து நான் அழுதேன். கோபமும் வந்தது. பாதுகாப்பு இல்லாத ஒன்றை ஏன் அனுப்பினீர்கள் என்று.

ஒரு காலை கண்ணை விழித்து, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். இலையின் ஓரத்து வெட்டு ஒன்றிலிருந்து மயிர் போல வேர் இறங்கியிருந்தது. எட்டிப் பார்த்தால், ஒன்றல்ல, வெட்டுக்கு வெட்டு வேர். ஒவ்வொரு வேருக்கும் மேலே உளுந்தளவில் இரண்டு பச்சை இலை. மண் இல்லை, தண்ணீர் இல்லை, வெறும் நூலில் தொங்கிக்கொண்டு அந்தக் கிழட்டு இலை தன் உடம்பைக் கரைத்துப் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு வெளித்தது. இது நூலும் இல்லை, மந்திரமும் இல்லை. இது அன்றைய புதினம்! எத்தனை நாள் வர முடியாமல் போகுமோ என்று தெரியாமல், ஒரே நாளில் தீராத ஒன்றாகப் பார்த்து அனுப்பியிருக்கிறீர்கள். அதற்குப் போய் நாங்கள் சாம்பிராணி காட்டியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கட்டில் ஆடச் சிரித்தேன். உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது, நல்ல உதை. மச்சாள் ஓடி வந்து, என்னையும் இலையையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டு கையையும் தலைமேல் கூப்பினார். "பாத்தியே பிள்ளை, நூல் பலிச்சிட்டுது!" நான் திருத்தவில்லை. சாகும்வரை அவருக்கு அது ராத்தாவின் நூல்தான்.

மகள் பிறந்தாள். முழு மாதத்தில், கறுப்பாக, கோபமாக, வீடு அதிரக் கத்திக்கொண்டு.

பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்த பிறகு நீங்கள் திரும்பி வந்தீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் முதல்முறையாக மதிலடிக்கு நடந்து வந்தேன். "அல்லாவே, நீங்க இவ்வளவு உயரமா?" என்றீர்கள். நான் எட்டி உங்கள் பக்கம் பார்த்தேன். தேயிலைப் பெட்டிக்கு மேல் தேயிலைப் பெட்டி வைத்து, அதற்கும் மேலே நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தீர்கள். அத்தனை மாதமும் உங்களுடைய தலையைத்தான் நான் பார்த்திருக்கிறேன். படுத்தவளைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

இலையின் கதையைச் சொன்னேன். சிங்களத்தில் அதை அக்கபான என்பார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். இவர் திசை கேட்டதையும், மச்சாளின் சாம்பிராணியையும் கேட்டுப் பெட்டி சரியச் சிரித்தீர்கள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். "அது ஓதின நூல் எண்டு நினைச்சிட்டம், ராத்தா" என்றேன். அதோடு உங்கள் சிரிப்பு நின்றது. கையை நீட்டி மகளின் காலைத் தொட்டீர்கள்.

"பின்ன? ஓதாமயா அனுப்புவேன், தங்கச்சி? தவளையில ஈந்து எல்லாத்துக்கும் ஓதித்தானே தந்தேன்."

அந்தச் சங்குப்பூத் தண்ணீருக்கும், இவருடைய சப்பாத்தைத் தேய்த்த பூவுக்கும், வட்டிலப்பத்தில் நடந்த வண்ணத்துப்பூச்சிக்குமா? நீங்கள் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் நான் பயந்திருப்பேன். எனக்குத் தேவைப்பட்டது சிரிப்பு என்று தெரிந்து, உங்கள் வேண்டுதலை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, சிரிப்பை மட்டும் தடியில் கட்டி நீட்டியிருக்கிறீர்கள்.

மகள் இப்போது ஆசிரியை. அவள் முதல்முதலாகச் சோதனைக்குப் போனபோதும், நோயில் படுத்தபோதும், கலியாணமாகித் தெஹிவளைக்குப் புறப்பட்டபோதும் நான் வாசலில் நிறுத்தி ஏதாவது ஒரு புதினம் சொன்னேன். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். ஒவ்வொரு நாளும் பஸ் ஏறிப் போய், இறால்களுக்கு இருதயம் தலையில் இருக்கிறதாம் என்றும், அந்திமந்தாரை கடிகாரம் பார்த்துத்தான் பூக்கிறதாம் என்றும் சொல்லிவிட்டு வருகிறேன். அம்மாவுக்கு வயது போகப் போக விளையாட்டுக் கூடுகிறது என்று மருமகனிடம் சொல்லிச் சிரிக்கிறாளாம். சிரிக்கட்டும். நான் ஓதிக்கொண்டிருக்கிறேன், ராத்தா.