சீல் கிழிந்த மடிக்கணினி

மார்ச் 4

அலுவலகத்தில் என்னைச் 'சட்டப்புத்தகம்' என்பார்கள்; கேலிப்பெயர்தான், மறுத்ததில்லை. மகளின் மடிக்கணினி தொடர்பான புகாருக்குச் சான்றாக இக்குறிப்பேட்டைத் தொடங்குகிறேன். வாங்கி ஏழு மாதம், வாரண்டி ஓராண்டு. திரை அணைந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் மூன்று முறை அலையவிட்டார்கள். இன்று கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பிக் காட்டினார்.

"சார், ஸ்குரூ மேல ஒட்டின சீல் கிழிஞ்சிருக்கு. யாரோ திறந்திருக்காங்க. வாரண்டி கிடைக்காது."

"போன வாரம் இங்கதானே விட்டுட்டுப் போனேன்? நீங்கதான் கிழிச்சிருக்கணும்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் என் பக்கம் பேசினார்கள்.

மார்ச் 9

நுகர்வோர் ஆணையத்தில் மனு தாக்கல். பத்தி நான்கு: 'சீலை அப்பெண் ஊழியரே கிழித்தார்.' பிழையில்லாத வாக்கியம்.

மார்ச் 15

மனுவின் நகலை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஏங்க, வாங்கின அன்னைக்கே ஸ்குரூடிரைவரும் கையுமா உக்காந்தது யாரு? உள்ள இருக்கற நம்பரும் பில்லுல இருக்கற நம்பரும் ஒண்ணான்னு பாத்தே ஆகணும்னு நின்னீங்களே?"

"மறந்துபோச்சு" என்றேன்.

மறக்கவில்லை. கவுண்டரில் நிற்கும்போதே நினைவுக்கு வந்தது. அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். சிறு தவறுக்கெல்லாம் பிறருக்கு மெமோ கொடுப்பவன் நான்.

ஏப்ரல் 2

சர்வீஸ் சென்டருக்குப் போனேன், சொல்லிவிடலாம் என்று. கவுண்டரில் வேறொருவர்; என் பெயரைச் சொல்லி அப்பெண்ணை விசாரித்தேன்.

"அந்த அக்காவ வீட்ல இருக்கச் சொல்லிட்டாங்க சார், உங்க கேஸ் முடியற வரைக்கும். நீங்க பயப்படாதீங்க, ஜெயிச்சிடுவீங்க."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றி!

ஏப்ரல் 3

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 20

நிறுவனம் சமரசத்துக்கு வந்துவிட்டது. புதிய மடிக்கணினியும் ஒரு கடிதமும் வந்தன. 'தவறு செய்த ஊழியர் பணிநீக்கம் செய்யப்படுவார். தங்கள் கையொப்பத்துடன் இவ்விவகாரம் முடிவுறும்.'

"அப்பான்னா அப்பாதான்" என்றாள் மகள். பெட்டியைப் பிரிக்க அவள் எடுத்த கத்தரிக்கோலை வாங்கி வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், பிரிக்காத பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஏப்ரல் 21

கடிதத்தில் கையொப்பமிடவில்லை. இன்று விடுப்பு. பதினொரு மணிக்குத்தான் கவுண்டரில் கூட்டம் அதிகம், அப்போது போவேன். சீலைக் கிழித்தவன் நான் என்று வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி சொல்வேன். பெட்டியைத் திருப்பிக் கொடுப்பேன். அங்கிருந்து நேரே ஆணையத்துக்குப் போய், பத்தி நான்கு பொய் என்று என் கையால் எழுதிக் கொடுப்பேன்.