தொட்டியில் நித்தியகல்யாணி

அன்பு மகளே,

போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

மருந்துக்கு மசியாத புற்றுநோய் அணுக்களையும் உன் ஆய்வகத்தில் நித்தியகல்யாணிச் சாறு கொன்றதாகச் சொன்னாய். பெரம்பலூர் டாக்டரோ, அப்பாவுக்கு இனிக் கேட்காது என்று நிறுத்திய ஊசி மருந்தே அந்தச் செடியிலிருந்து வந்ததுதான் என்கிறார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அது கொல்லுமா, கொல்லாதா?

ஆடு கடிக்காது என்று நம் ஊரில் அதைக் கல்லறைகளில் நடுவோமே. நேற்று அப்பா, "எங்க அப்பா கல்லறையிலேருந்து ரெண்டு கன்னு எடுத்துட்டு வா" என்றார்.

"எதுக்குங்க?" என்றேன்.

"சும்மாதான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கஷாயம் வைக்கவா, பின்னால் அவருக்கே நட்டுவைக்கவா? கேட்காமலே போய் இரண்டு கன்று எடுத்துவந்தேன்.

இப்போதைக்குத் தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறேன். தொட்டியென்றால் எங்கு வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம்.

உன் அம்மா