லிங்கசாமி வாய் திறந்தான்

அருவங்காடு,
அக்டோபர் 17, வியாழன்.

அன்புள்ள சுலோச்சனாவுக்கு,

நான் நலம். முழங்கால் வலி பரவாயில்லை. நீயும் மோனிகாவும் மாப்பிள்ளையும் பேரன் அஸ்வந்தும் சுகமென்று நேற்றுக்கூடப் போனில் பார்த்தேன். அப்புறம் கடிதம் எதற்கென்று சிரிப்பாய். போனில் உன் பின்னால் மோனிகா நிற்கிறாள், அவள் பின்னால் மாப்பிள்ளை. அத்தனை பேர் நடுவில் நான் என்னத்தைப் பேசுவது? பக்கத்து வீட்டு மனோகரன் மகன் செந்தில்நாதன் சனிக்கிழமை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

இங்கே ஒரு வாரமாக விடாத மழை. மலை ரயிலை நிறுத்திவிட்டார்கள். உன் ரோஜாத் தொட்டிகளை உள்ளே எடுத்து வைத்தேன். வெள்ளை ரோஜா மட்டும் சோர்ந்திருக்கிறது.

நீ ஹார்டு டிஸ்கில் விட்டுப்போன பழைய ஹாலிவுட் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். நீ இருந்தபோது பாதியிலேயே குறட்டை விட்டவன்தான். இங்கிலீஷ் டீச்சரம்மா நிறுத்தி நிறுத்திக் கதை சொல்லாமல் எனக்கு என்ன புரியும்? நம் லிங்கசாமிக்காகத்தான் பார்க்கிறேன். படத்துக்குப் படம் சர்வராகத் தட்டு ஏந்தி வருவானே ஒரு துணை நடிகன், பெயர்கூடப் போட மாட்டார்களே, எங்கள் ஃபேக்டரி கேன்டீன் லிங்கசாமி ஜாடை என்று நீ பெயர் வைத்தாயே, அவன். பதினோரு படத்தில் அவனைப் பிடித்தோம். ஒன்றில்கூட அவன் பேசவில்லை. பெரிய நடிகைகள் வந்த கதை, வீழ்ந்த கதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "பாவங்க இவரு, தட்டத் தூக்கியே காலம் போச்சு" என்று அவனுக்காகத்தான் வருத்தப்படுவாய்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாவது படம். லிங்கசாமி பேசிவிட்டான், சுலோ. ஹோட்டல் வாசலில் கதாநாயகி பெட்டியோடு நிற்கிறாள். அவன் வந்து லேசாகக் குனிந்து, "உங்கள் டாக்ஸி வந்துவிட்டது, மேடம்" என்கிறான். அவ்வளவுதான். நான் சந்தோஷத்தில் உன் பக்கம் திரும்பிவிட்டேன். நாற்காலியில் உன் சால்வைதான் கிடந்தது. அதற்குமேல் படம் ஓடவில்லை.

மறுநாள் கடைவீதியில் நிஜ லிங்கசாமியைப் பிடித்து இதைச் சொன்னேன். அவன் காதிலேயே வாங்கவில்லை. "அது கெடக்குதுங்க, டீச்சரம்மா எப்பங்க வர்றாங்க?" என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை மோனிகா, உன் விசாவை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்க இந்த மாதம் முப்பதுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள். நான் உடனே, "தாராளமா இருக்கட்டும் சாமி, எனக்கொரு சிரமமும் இல்ல" என்றேன். பெற்ற மகளிடம் வேறு எப்படிச் சொல்வது? நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். நான் சொன்னது பச்சைப் பொய். முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவளுக்கு அது தெரிய வேண்டாமா?

அந்தக் காலத்தில் ஹாலிவுட்டில் நடிகையை ஏழு வருஷ ஒப்பந்தத்தில் பிடித்துப்போட்டு, பிறகு வேறு கம்பெனிக்கு இரவல் கொடுப்பார்கள், அவளை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள் என்று நீதான் சொன்னாய். என்ன மனுஷர்களோ என்று அன்றைக்குத் திட்டினேன். ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது என்னவாம்? ஆறு மாத இரவலை உன்னைக் கேட்காமலே நீட்டிக் கொடுத்துவிட்டேன்.

அதனால் இப்போது கேட்கிறேன். உனக்கு அங்கே இருக்கப் பிரியமென்றால் இரு, என் வருத்தம் என்னோடு. இல்லையென்றால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. மோனிகாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை.

மோனிகாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். பேரன் நூறு வயது இருக்கட்டும். நீ வரும் நாளை மட்டும் சொல். கோயம்புத்தூர் விமான நிலைய வாசலில் நிற்பேன். லிங்கசாமியின் வசனத்தை இங்கிலீஷிலேயே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். நான் குனிந்து சொல்லும்போது நீ சிரிக்கக் கூடாது.

உன் சால்வைக்குக் காவலிருக்கும்,
ஞானசேகரன்