பழைய சந்தைக்குப் பின்னால் ஒரு ஸ்டேஷன்

நெரவி, காரைக்கால்

அன்பு மகள் டெல்பினுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபத்தில் கேட்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு தொடங்கிவிட்டார்கள். போனை விட்டுவிட்டு ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே உன் தம்பி செல்வின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான், அதனால்தான்.

போன வாரம் ஒருவர் வந்தார். பெயர் சிவநாதன் என்றார், உன் மெட்ரோ ஆபீசில்தான் வேலையாம், வேளாங்கண்ணிக்கு வந்தவர் அப்படியே நம் வீட்டையும் எட்டிப்பார்த்தாராம். கையில் பட்டுப்புடவை. உன்னை டெல்பினா டெல்பினா என்றார், கூட வேலை பார்க்கிறவருக்குப் பெயர்கூடவா சரியாகத் தெரியாது? காப்பி குடித்துக்கொண்டே, "லைட் மெட்ரோல ரெண்டு லைன் சேர்ற எடம் இருக்குல்லம்மா, ஜனங்க வண்டி மாறுற ஸ்டேஷன், அது எங்க வருதுன்னு டெல்பினா ஒங்கள்ட்ட சொல்லியிருக்குமே" என்று கேட்டார். திட்டம் போடுகிற ஆபீசில் இருக்கிறவர் நெரவிக்கு வந்து என்னிடம் ஏன் கேட்க வேண்டும்? கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அடுப்படியில் நீ என்னிடம் மட்டும் சொன்னாய், பிள்ளைத்தாய்ச்சிகள் வெயிலில் ரோட்டைக் கடக்கக் கூடாது, ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டி மாற வேண்டும் என்று மேலதிகாரிகளோடு மல்லுக்கு நின்றதை. நாம் பேசியது இவருக்கு எப்படித் தெரியும்? நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, பழைய சந்தைக்குப் பின்னால் என்று ஏதோ சொன்னாள் என்றேன். அங்கே அப்படி ஒரு சந்தை இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது. மனிதர் புடவையை வைத்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது செல்வின் அப்பாவிடம், "அக்கா இருக்கற ஊர்ல பழைய சந்தைக்குப் பின்னாடி எடம் வெலைக்கு வருதாம்ப்பா, ஒங்க பேர்ல வாங்கிப் போடுவமா" என்றான். பழைய சந்தை என்று நான் சொன்னது அந்தச் சிவநாதனிடம் மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு, "ஸ்டேஷன் வர்ற எடத்துல ஊர்ல யாரும்மா வாங்கல? அக்காவ எத்தனையோ தடவ கேட்டுப் பாத்தேன், வாயே தொறக்கல. கிறிஸ்துமஸப்ப நீங்க ரெண்டு பேரும் அடுப்படியில பேசுனது அரைகுறையா காதுல விழுந்துச்சு. அதான் நெலப் புரோக்கர ஆபீஸ் ஆள் மாதிரி ஒன்கிட்ட அனுப்பினேன்" என்றான். பெற்ற தாயை வேவு பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறான் டெல்பின். அப்பா சட்டையைக் கழற்றாமலே அப்படியே உட்கார்ந்துவிட்டார். புடவையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவன் வீட்டில் சாப்பிடுவதில்லை.

நீ வாய் திறக்கவில்லை என்று அவனே சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் அந்தப் புரோக்கர் உன் ஆபீசிலும் யாரையாவது பிடித்து வைத்திருப்பாரோ என்று பயமாக இருக்கிறது. யாராவது உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் யோசித்துப் போ. இந்தக் கடிதம் கிடைத்ததும் உன் மேலதிகாரியிடம் நீயே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடு, வேறு யாராவது சொல்லி அவர் காதுக்குப் போனால் பழி உன் தலையில்தான் விழும். யார் அனுப்பினார்கள் என்று கேட்டால் தம்பி பெயரைச் சொல். அம்மாதான் சொல்லச் சொன்னாள் என்று சொல். அவனும் நான் பெற்ற பிள்ளைதான், ஆனாலும் மறைக்காதே.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார். அப்பாவின் ஆசீரும் உனக்கு உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. இனிமேல் எந்த ஸ்டேஷன் எங்கே வருகிறது என்று எனக்கும் சொல்லாதே.

உன் அம்மா
ஆரோக்கியசெல்வி