பூசைக்கு முந்திய குளிசை

சேசு மரி சூசை துணை

முல்லைத்தீவு
26-3-60

அன்புள்ள மகள் மரியமலருக்கு ஐயா எழுதிக்கொள்வது.

எல்லோரும் சுகம், உங்கள் சுகத்தையும் அறியக் காத்திருக்கிறோம் என்று எழுதவேண்டிய இடம் இது, இந்த முறை அதில் பாதியைத்தான் மனமறிந்து எழுதலாம். நீ பயப்படாதே. அம்மா வீட்டில்தான் இருக்கிறா, நான் இதை எழுதும்போதே குசினிக்குள் இருந்து யாருக்கு எழுதுகிறேன் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டா, நான் கேளாதவன் போல இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்வதற்குக் காரணம், நடுவில் ஒரு சொல்லைக் கண்டு அழத் தொடங்கினால் நீ அடுத்த வரிக்குப் போகமாட்டாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள், கதிரையில் இருந்து ஆறுதலாய்ப் படி. மருமகன் சந்தியோகு வேலையால் வந்துவிட்டால் அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது.

அம்மா உன்னிடம் சொல்லக்கூடாது என்று கட்டளை போட்டிருந்த ஒன்றை இப்போது சொல்லவேண்டி இருக்கிறது. கலியாணமாகி இவ்வளவு வருஷம் உனக்குப் பிள்ளை இல்லாமல் இருந்ததற்காக, போன ஆடியில் மடு மாதாவின் திருநாளுக்குப் போனபோது அவ ஒரு நேர்த்தி வைத்தா. உன் கையில் பிள்ளை கிடைக்கும் வரைக்கும் ஒரு நாளும் தவறாமல் விடியற்பூசை கண்டு, சுவாமியார் கையால் அப்பம் வாங்கி நன்மை எடுப்பது என்று. அதற்குப் பிறகு நீ முழுகாமல் இருக்கிறாய் என்று கடிதம் வந்ததும் இனி அவவைப் பிடிக்க முடியாமல் போயிற்று. மார்கழி மழையில் றோட்டு முழங்கால் தண்ணீரில் கிடந்தபோதும் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனவ. அந்த ஈரத்தில்தான் முழங்கால் இரண்டும் வீங்கின, கழுத்தில் தொடங்கித் தலையிடியும் வந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தானே நீ பாசத்தோடு அந்தத் தகரப்பேணி நிறைய அஸ்பிரின் குளிசை அனுப்பினாய். உன்னில் ஒரு பிழையும் இல்லை, அதை நான் முதலே எழுதிவைக்கிறேன்.

உன் அம்மா பழைய சட்டக்காரி என்பது உனக்குத் தெரியும். நன்மை எடுக்கிறவர்கள் சாமம் பன்னிரண்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் வாயில் படவிடக்கூடாது என்று வளர்ந்தவ. இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் ரோமாபுரியிலிருந்து புது ஒழுங்கு வந்து, தண்ணீர் குடிக்கலாம், மருந்தும் எடுக்கலாம், நன்மைக்கு ஒரு பங்கமும் இல்லை என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொன்னார். ஊரெல்லாம் விடிய எழும்பித் தண்ணீர் குடித்தது, இவ மாட்டேன் என்றா. மருந்தை மட்டும் ஏற்றுக்கொண்டா. விடிய எழும்பியதும் இரண்டு குளிசை, அதை விழுங்க ஒரே ஒரு மிடறு தண்ணீர், அந்த மிடறையும் மனமில்லாமல்தான். பூசை முடிந்து வந்தால் வெறும் கோப்பி. தபசுகாலம் தொடங்கியதும் ஒருசந்தியும் சேர்ந்துகொண்டது, மத்தியானம் ஒரு நேரச் சோறு, மற்ற நேரம் வயிறு காலி. பின்னேரம் தலையிடி திரும்ப வந்தால் கடையில் விற்கிற காய்ச்சல் தூள் ஒரு பக்கெற். நான் கடலால் வந்து படுத்துக்கிடக்கிற மனிசன், இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

போன கிழமைக்கு முதல் கிழமை, வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை நடந்துகொண்டிருக்கும்போது அம்மா எழும்பி வெளியே வந்து கோயில் மதிலோடு இருந்து சத்தி எடுத்திருக்கிறா. பக்கத்து வீட்டு அக்கினேசு பின்னால் போய்ப் பார்த்தால் கோப்பி மண்டி போலக் கறுப்பாய்க் கிடந்ததாம். நான் கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தேன், அக்கினேசு செருப்பில்லாமல் ஓடிவருவதைக் கண்டபோதே வலையைப் போட்டுவிட்டு எழும்பிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்குத்தர் கண் மடலை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமத்திப் பார்த்தார், மலம் எப்படிப் போகிறது என்று கேட்டார். வள்ளத்துக்குப் பூசுகிற கீல் போல நாலைந்து நாளாய்க் கறுப்பாய்ப் போகிறதாம், அதை என்னிடமும் சொல்லவில்லை. என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “மருந்து எண்டு ஒண்டும் எடுக்கேல்லை ஐயா, மகள் அனுப்பின குளிசைதான்” என்றா. கோயிலுக்கு அது மருந்து, ஆஸ்பத்திரிக்கு அது மருந்தில்லை. அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது மகள், கட்டிலில் வெள்ளைச் சீலை போல வெளிறிக் கிடக்கிற மனிசியில் கோபப்பட்டு என்ன செய்வது, வெளியே போய் வேப்பமரத்துக்குக் கீழ் நின்றுவிட்டு வந்தேன்.

டாக்குத்தர் சொன்னதை எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன், உனக்கும் உதவும். அந்தக் குளிசை நோவைத் தணிக்கும், காய்ச்சலைக் குறைக்கும், நல்ல மருந்துதான், ஆனால் வயிறு காலியாய்க் கிடக்கும்போது போனால் குடலைப் பிடித்து அரிக்கும், ஒரு நாள் இரண்டு நாளில் தெரியாது, மாதக்கணக்காய் எடுத்தால் உள்ளே புண்ணாகி இரத்தம் கசியும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு எடுக்கவேண்டும், ஒரு மிடறில் விழுங்கக்கூடாது. கடைத் தூளுக்குள் இருப்பதும் அதே அஸ்பிரின்தானாம், பெயரும் கடதாசியும்தான் வேறு. அம்மா இரண்டு மருந்தென்று நினைத்து ஒரே மருந்தை இரண்டு தரம் எடுத்திருக்கிறா. இரண்டு மூன்று நாளில் நோ நிற்காவிட்டால் திரும்பத் திரும்பக் குளிசையைப் போடாமல் ஏன் நிற்கவில்லை என்று காட்டவேண்டுமாம். அக்கினேசு அந்தப் பேணியைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவர் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு என்னிடமும் நீட்டினார், வினாகிரி மணம். கடற்காற்று பட்டு ஈரம் ஊறின குளிசை அப்படித்தான் மணக்குமாம், அதை எறியத்தான் வேண்டும். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பழுதாகாது என்று அம்மா நினைத்திருக்கிறா.

உன்னைப் பற்றியும் கேட்டேன். பிள்ளை வயிற்றில் இருக்கிறவள் தலையிடி என்றோ இடுப்பு நோ என்றோ தன் எண்ணத்துக்கு ஒரு குளிசையும் போடக்கூடாது, கிளினிக்கில் பார்க்கிற டாக்குத்தரைக் கேட்காமல் அலுமாரியில் கிடக்கிறதை எடுக்கவே கூடாது, கடைசி மாதங்களில் கட்டாயம் கூடாது என்றார். பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் பெரிய ஆட்களின் குளிசையைப் பாதியாய் உடைத்துக் கரைத்துப் பருக்குகிற வேலை வேண்டாம், அது எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற வேலை, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் உடனே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. வீட்டில் இருக்கிற குளிசையைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வை. இதை எல்லாம் நான் எழுதுகிறேனே என்று உனக்குச் சிரிப்பு வரும், வலையையும் வள்ளத்தையும் தவிர ஒன்றும் தெரியாத மனிசன், ஆனால் ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்த நாட்களில் எனக்குக் கேட்கிறதும் பயப்படுகிறதும்தான் வேலையாய் இருந்தது.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் விடிய நான் கரையால் வர, அவ சீலை மாற்றி முக்காட்டோடு வாசலில் நிற்கிறா, சுவரைப் பிடித்துக்கொண்டு. குளிசை இல்லைத்தானே, பூசைக்குப் போனால் என்ன என்கிறா. கஞ்சி குடித்துவிட்டுப் போ என்றால் மாட்டா. பால், கஞ்சி என்று நேரத்துக்கு நேரம் வயிற்றில் ஏதும் இருக்கவேண்டும், வெறுவயிற்றோடு நடந்தால் புண் திரும்ப இரத்தம் விடும் என்று டாக்குத்தர் சொன்னதை நான் ஒரு பாட்டம் சொல்லிமுடித்தேன். அவ கேட்டுவிட்டு மெல்லமாய்ச் சொன்னா, “நேர்த்தியை நான் இடையில விட்டு அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?” எனக்கு அலுத்துவிட்டது. சுவாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வருத்தக்காரர் பால் குடித்துவிட்டும் நன்மை எடுக்கலாம், வேண்டுமென்றால் நேர்த்தியையே மாற்றித் தருகிறேன் என்று அவர் பொறுமையாய்ச் சொன்னார். அவர் இருக்கும் வரைக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினா, படலை சாத்தினதும், அவர் நேற்றுக் குருப்பட்டம் பெற்ற பெடியன், அவருக்கு என்ன தெரியும் என்றா.

அப்போதுதான் நான் சொன்னேன், நேர்த்தி நிற்கக்கூடாது என்றால் மிச்சத்தை நான் செய்கிறேன் என்று. நான் கோயிலுக்குப் போகிறது பாஸ்காவுக்கும் திருநாளுக்கும்தான் என்று ஊருக்கே தெரியும். நீங்களோ என்று அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தா, ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தவ. நன்மை எடுக்க முதல் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டுமே, ஒரு வருஷத்துப் பாவம், எனக்குப் பின்னால் முழங்காலில் நின்ற அக்கினேசுவுக்குக் கால் மரத்துப்போனதாம், ஊரெல்லாம் சொல்லித் திரிகிறா. சுவாமியாரும் சம்மதித்தார். ஒரு பொருத்தம் மட்டும் அம்மாவோடு பேசிக்கொண்டேன். நான் கோயிலில் நன்மை எடுக்கிற நேரம் அவ வீட்டில் கஞ்சி குடிக்கவேண்டும். அவ குடியாவிட்டால் நானும் எடுக்கமாட்டேன், நேர்த்தி முறியும். இதற்கு மட்டும் பயப்பட்டா. இப்போது கரைக்கு வந்ததும் கையில் செதிளோடு, தேத்தண்ணீரும் இல்லாமல் நேரே கோயிலுக்குப் போகிறேன், திரும்பி வந்து முதல் வேலையாய்ச் சட்டியைத் திறந்து பார்க்கிறேன். காலியாய் இருக்கிறது. விடியத் தேத்தண்ணீர் இல்லாமல் என் தலை இடிக்கிற இடிக்கு ஒரு குளிசை கிடைத்தால் என்ன என்று எனக்கே நினைப்பு வருகிறது, பிறகுதான் அந்தக் கறுப்பு ஞாபகம் வரும், எழும்பி வலை பொத்தப் போய்விடுவேன்.

பிள்ளைப்பேறு பார்க்க அம்மா கொழும்புக்கு வரமாட்டா, வைகாசிக்குள் அவ்வளவு தூரம் றெயிலில் இருக்கிற உடம்பு அது இல்லை. உனக்கு மனவருத்தம்தான், எனக்கும் தெரியும். சந்தியோகுவின் தாயாரைக் கூப்பிட்டு வைத்துக்கொள். இனி ஒரு பேணியும் அனுப்பாதே, அம்மா அக்கினேசுவைக் கொண்டு உனக்கு இரகசியமாய் எழுதுவிப்பா, முழங்கால் நோகிறது, ஒரு பத்துக் குளிசை மட்டும் என்று. அனுப்பாதே. முழங்காலுக்கு நான் நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிடுகிறேன்.

மாதா உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும், மருமகனுக்கு எங்கள் அன்பு. மறந்துவிடாதே, பிள்ளை பிறந்ததும் கடிதம் எழுதிக்கொண்டிராமல் அன்றைக்கே தந்தி அடிக்கச் சொல், ஆணா பெண்ணா என்பதும் பிறகு வரலாம், சுகம் என்ற ஒரு சொல் போதும். அந்தத் தந்தி வந்த அடுத்த நாள் விடிய நானும் உன் அம்மாவும் சேர்ந்திருந்து சீனி போட்ட தேத்தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு இரண்டு பேருமாய்க் கோயிலுக்குப் போவோம்.

இப்படிக்கு,
அதுவரைக்கும் அம்மாவின் பேருக்குப் பசி கிடக்கும்
உன் ஐயா,
ம. இராயப்பு